சென்னை டூ யாழ்ப்பாணம்: மதுரையை விட பக்கம்தான்... அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?

சென்னையில் இருந்து விமானத்தில் கிளம்பினால் மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? யாரைக் கேட்டாலும் மதுரை என்றுதான் சொல்வார்கள். ஆனா கணக்கு வேற மாதிரி இருக்கு.

தூரம் எவ்வளவு?

சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 354 கி.மீ. சென்னை - மதுரை வான்வழி தூரம் சுமார் 416 கி.மீ. அதாவது, கடல் தாண்டிப் போகிற யாழ்ப்பாணம் 60 கி.மீ பக்கம். திருச்சிக்காரர்களுக்கு இன்னும் ஆச்சரியம். அங்கிருந்து யாழ்ப்பாணம் சுமார் 185 கி.மீ தான், சென்னையோ சுமார் 295 கி.மீ!

எவ்வளவு நேரம் ஆகும்?

டிக்கெட்டில் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். சென்னையில் இருந்து கொழும்பு சுமார் 645 கி.மீ. அதற்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான். தூரம் பாதி, நேரம் மட்டும் ஏன் குறையல?

காரணம் விமானம்தான்

கொழும்புக்குப் போவது ஜெட் விமானம். மணிக்கு 800 கி.மீ-க்கு மேல் பறக்கும். பலாலிக்குப் போவது இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆர் 72 ரக விமானம். அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. பலாலி ஓடுபாதை சிறியது என்பதால், 70 முதல் 78 இருக்கைகள் கொண்ட இந்த ரகம்தான் அங்கே வசதி.

இன்னொரு விஷயம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிற்கும் இடத்தில் இருந்து நகர்ந்து, ஓடுபாதைக்குப் போய், அங்கே இறங்கி நிற்கும் வரை எல்லாமே அதில் சேரும்.

இதனால் யாருக்கு லாபம்?

பலாலி சேவை இல்லாத காலத்தில், விமானத்தில் யாழ்ப்பாணம் போக கொழும்பு சுற்றித்தான் போகணும். அங்கே இறங்கி, திரும்ப வடக்கு நோக்கி சுமார் 400 கி.மீ தரைவழிப் பயணம். ஒரு துக்க வீட்டுக்குப் போகணும் என்றாலும் ஒரு நாள் முழுக்க வழியிலேயே போய்விடும்.

புது வழியா இது?

இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்டது பலாலி. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே இந்த வழியாகத்தான் சென்னை வந்தது. பிறகு போர்ச் சூழலில் சேவை நின்றது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12-ல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்த வழியில் இறங்கியது. 2025-ல் திருச்சியும் சேர்ந்தது.

கிளம்பும் முன் கவனிங்க

தூரம் உள்ளூர் மாதிரி இருந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், இலங்கை விசா அனுமதி, குடியுரிமைச் சோதனை எல்லாம் உண்டு. சிறிய விமானம் என்பதால் லக்கேஜ் எடை வரம்பையும் முன்னாடியே பார்த்துடுங்க. ஒரு வேலை மட்டும் மிச்சம்: கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்!