பழைய குருமனை: இங்கிலாந்துக் கிராமத்து வீடு ஒன்றின் வரலாறு

குருமனை என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர் தம் பொறுப்பிலுள்ள சேகரத்திலேயே தங்கிப் பணிசெய்வதற்காக ஒதுக்கப்பட்ட வீடு. பழைய கிராமங்களில் பெரும்பாலும் அது ஆலயத்தை ஒட்டியோ கூப்பிடு தூரத்திலோ இருக்கும். 20ஆம் நூற்றாண்டில் இவற்றில் ஆயிரக்கணக்கானவை தனியாருக்கு விற்கப்பட்டன. இன்று அவை ‘ஓல்டு ரெக்டரி’, ‘ஓல்டு விக்கரேஜ்’ என்ற பெயர்களோடு அவ்வப்போது சந்தைக்கு வருகின்றன. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் உயரமான சன்னல்கள், தலைவாசலுக்கு மேல் விசிறி வடிவக் கண்ணாடி, மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம், பழைய குதிரை லாயம் என்று விற்பனை விளம்பரம் அடுக்கிக்கொண்டே போகும். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக வாழ்வதற்கென்றே கட்டிய வீடு என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதியும். வரலாறு சொல்வது வேறு. குருமனை பதவியோடு வந்து பதவியோடு போன வீடு. குருவானவரின் வருமானத்தைச் சட்டமும் விளைச்சலும் எப்படி ஏற்றி இறக்கினவோ, அதற்கேற்ப அது பெருத்தது, பழுதானது, முடிவில் கைமாறியது. அதன் அழகை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வீட்டின் பாதிக் கதைதான் தெரியும்.

அந்த வருமானத்தின் ஆணிவேர் தசமபாகம். ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு குருவானவருக்குச் சேர வேண்டும். தானியம், உலர்புல், மரம் ஆகியவற்றின் பெருந்தசமபாகத்தைப் பெற்றவர் ரெக்டர். பெருந்தசமபாகம் ஒரு மடாலயத்துக்குப் போய்விட்ட ஊர்களில் ஆட்டுக்குட்டி, கோழி, பழம் போன்றவற்றின் சிறுதசமபாகத்தை வைத்து விகார் காலம் தள்ளினார். 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோதும் அந்தப் பெரும்பங்கு விகார்களிடம் திரும்பவில்லை. அரசர் வழியாக நிலக்கிழார்களிடம் போய்ச் சேர்ந்தது. ரெக்டரி பெரிய வீடாகவும் விக்கரேஜ் பல ஊர்களில் எளிய வீடாகவும் இருந்ததற்கு முதல் காரணம் இதுதான். தசமபாகத்தோடு மானிய நிலமும் உண்டு. குருவானவர் அதைத் தாமே உழுது பயிரிடலாம், குத்தகைக்கும் விடலாம். ஆகவே பழைய குருமனைகளில் களஞ்சியமும் மாட்டுக் கொட்டிலும் இருந்தன. வேதம் ஓதுபவரின் வீடு பாதி விவசாயி வீடாகவும் இருந்தது.

சசெக்ஸில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் குருமனை அந்த முதல் நிலையை இன்றும் காட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வீடு மரச்சட்டத்தில் எழுந்தது, கூரை வேய்ந்தது. நடுக்கூடம் கூரை வரை திறந்திருக்கும். சுண்ணப் பாறையை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை அதற்கு. அக்கம்பக்கத்து வசதியான விவசாயியின் வீட்டிலிருந்து பிரித்துச் சொல்லும்படி அதில் எதுவும் இல்லை. குருவானவருக்கு அன்று குடும்பமும் இல்லை. குருக்கள் மணம் செய்யலாம் என்ற சட்டம் வந்தது 1549இல். மேரி அரசி அதை நீக்கினார். எலிசபெத் காலத்தில் வழக்கம் மீண்டது. அதற்குப் பிறகே குருமனையில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் அறைகள் தேவைப்பட்டன. ‘குடும்ப வீடு’ என்று இன்று விளம்பரம் பெருமையாகச் சொல்லும் தன்மை, இடைக்காலத் திருச்சபை அறியாத ஒன்று.

அந்தக் குடும்பமும் வீட்டுக்குச் சொந்தக்காரக் குடும்பம் அல்ல. குருவானவர் இறந்தால் மனைவி மக்கள் வெளியேற வேண்டும். வீடு பழுதாகியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் விழும். வருமானம் போதாத குருமனையில் வேறு தொழிலும் நடந்தது. ஹாம்ப்ஷயரின் ஸ்டீவன்டன் ரெக்டரியில் 1775இல் பிறந்தவர் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின். அவருடைய தந்தை அடுத்த ஊரான டீனின் பொறுப்பையும் சேர்த்து வகித்தார், பயிர்செய்தார், பையன்களை வீட்டிலேயே தங்கவைத்துப் பாடமும் நடத்தினார். அந்த வீடு 1820களில் இடிக்கப்பட்டு, அதே ஊரில் புதிய ரெக்டரி எழுந்தது. உலகமே தேடிவரக்கூடிய வீட்டை இடித்தவர்களுக்கு அது பழுதான ஓர் அலுவல் கட்டடம் மட்டுமே. பழைய குருமனையைப் போற்றிக் காக்கும் மனநிலை அதைவிட வெகு பிந்தியது.

இன்று விற்பனைக்கு வரும் குருமனைகளில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் கட்டப்பட்டது அல்லது திருத்தப்பட்டது. இதற்கு ஜார்ஜிய காலத்து ரசனையே காரணம் என்று கட்டடக்கலை விரும்பிகள் சொல்வார்கள். வெளித்தோற்றத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த நேரத்தில், அந்த அளவில் ஏன் கட்டினார்கள் என்பதை ரசனையால் விளக்க முடியாது. பொதுநிலங்கள் வேலியடைத்துத் தனியாருக்குப் பிரிக்கப்பட்டபோது பல ஊர்களில் தசமபாகத்துக்கு ஈடாகக் குருவானவருக்கு நிலமே கிடைத்தது. நெப்போலியப் போர்க் காலத்தில் தானிய விலை ஏறியது. 1776ஆம் ஆண்டின் கில்பர்ட் சட்டம் பதவி வருமானத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்கி வீடு கட்ட வழிசெய்தது. ஏழைச் சேகரங்களுக்கு உதவ 1704இல் உருவான ‘குவீன் ஆன்ஸ் பௌண்ட்டி’ நிதியும் கைகொடுத்தது. ஊரில் தங்காமல் வருமானத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் குருவானவர்களை 1803ஆம் ஆண்டுச் சட்டமும் 1838ஆம் ஆண்டுச் சட்டமும் நெருக்கின.

இந்த நெருக்கடியைச் சிட்னி ஸ்மித்தின் கதை தெளிவாகக் காட்டும். லண்டன் வட்டாரங்களில் பெயர்பெற்ற எழுத்தாளரும் பேச்சாளருமான அவருக்கு யார்க்ஷயரில் ஃபாஸ்டன் என்ற ஊரின் பொறுப்பு கிடைத்தது. அந்த ஊரில் ஒன்றரை நூற்றாண்டாகக் குருவானவர் எவரும் குடியிருக்கவில்லை. ஊரிலேயே தங்கவேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, தங்குவதற்கு ஏற்ற வீடு அங்கே இல்லை. கடன் வாங்கித் தாமே கட்டத் தொடங்கினார். வீட்டுக்காகச் சுட்ட செங்கற்கள் உதவாமல் போயின. சாமான் இழுக்க வாங்கிய நான்கு எருதுகளும் தோற்றன. ஆனாலும் 1814இல் குடும்பத்தோடு குடியேறிவிட்டார். அவர் வீட்டின் பின்னால் இருந்தது சட்டத்தின் கெடுவும் கடன்சீட்டும். அதற்குப் பிந்திய விக்டோரிய குருமனைகளில் புதுமையும் இருந்தது. 1840களில் கோல்பிட் ஹீத்தில் பட்டர்ஃபீல்டும் ராம்பிஷமில் பியூஜினும் ஆகிய கட்டடக்கலைஞர்கள் கட்டியவற்றில் முகப்பின் ஒத்திசைவு முதன்மை பெறவில்லை. உள்ளே எந்த அறைக்கு என்ன வேலையோ அதற்கேற்பச் சுவரும் சன்னலும் அமைந்தன. கட்டடக்கலைஞர் ஃபிலிப் வெப் 1859இல் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காக வரைந்த ‘ரெட் ஹவுஸ்’ இந்த வழியில் வந்ததே. குருமனையின் படிப்பறையைப் பாருங்கள்: பல வீடுகளில் அது வாசலை ஒட்டியிருக்கும், சிலவற்றில் அதற்குத் தனிக் கதவும் உண்டு. திருமணப் பதிவுக்கும் உதவி கேட்டும் வந்தவர்கள் குடும்ப அறைகளைக் கடக்காமல் குருவானவரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

வீழ்ச்சியின் விதை 1836இலேயே விழுந்துவிட்டது. அந்த ஆண்டின் சட்டம் தசமபாகத்தைப் பண வாடகையாக மாற்றி, கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு கட்டிப்போட்டது. விலை நின்றவரை இது நல்ல ஏற்பாடு. 1870களுக்குப் பிறகு அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்து மலிவான தானியம் வந்து குவிந்தது. நூற்றாண்டின் முடிவில் வாடகை முதல் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. வருமானம் இறங்கியது, கூரையின் பரப்பு இறங்கவில்லை. பத்து படுக்கையறை வீட்டுக்கு நிலக்கரி வாங்கவும் வேலையாள் வைக்கவும் முடியாத குருவானவர்கள் பெருகினார்கள். 1936இல் அந்த வாடகையையும் நாடாளுமன்றம் ஒழித்தது. 1938ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் குருமனையை விற்பதை எளிதாக்கியது. 1976ஆம் ஆண்டின் சட்டப்படி மானிய நிலமும் குருவானவர் கையைவிட்டு மறைமாவட்டத்துக்குப் போனது.

இங்கே எழும் ஆட்சேபம் வலுவானது. திருச்சபை தன் பூர்வீகச் சொத்தை அவசரப்பட்டு மலிவாக விற்றது, பிறகு அவ்வீடுகளின் மதிப்பு மலையாக ஏறியது, ஊரார் கூடும் இடமும் பறிபோனது என்று குருமனைக் காப்பு இயக்கத்தார் வாதிடுகிறார்கள். மதிப்பைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. கையில் இருக்கும் சொத்தை விற்று அன்றாடச் செலவைச் சமாளித்த நிர்வாகம் அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விற்பனையை வெறும் தொலைநோக்கின்மை என்று தள்ளிவிடுவது சரியாகாது. தசமபாகமும் மானிய நிலமும் தாங்கிய வீட்டை அவை போன பிறகு மாதச் சம்பளம் ஒன்றே தாங்க வேண்டியிருந்தது. ஒழுகும் கூரையின் கீழ், ஓர் அறையை மட்டும் சூடாக்கி வாழ்ந்த குடும்பங்களை மறந்துவிட்டு அழகுக்காக மட்டும் வாதாடுவது நியாயமில்லை.

தனியார் கைக்குப் போனதால் எல்லாம் கெட்டுவிடவும் இல்லை. கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் 1630இல் பொறுப்பேற்றுத் தம் செலவில் பழுதுபார்த்த பெமர்டன் ரெக்டரியை 1990களில் வாங்கிச் சீர்செய்தவர் இந்திய எழுத்தாளர் விக்ரம் சேத். கவிஞர் ரூபர்ட் புரூக் தங்கியிருந்த கிராண்ட்செஸ்டர் பழைய விக்கரேஜ் 19ஆம் நூற்றாண்டிலேயே தனியாரிடம் போய்விட்டது. அதுவும் நன்றாகவே நிற்கிறது. சந்தைக்கு வெளியே காப்பாற்றப்பட்டவையும் உண்டு. ஆல்ஃபிரிஸ்டன் வீட்டைப் பாரம்பரியக் காப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது; அதுவே அந்த அமைப்பு விலைகொடுத்து வாங்கிய முதல் கட்டடம். நாவலாசிரியர்களான பிரான்டே சகோதரிகளின் ஹாவர்த் குருமனை 1928இல் அருங்காட்சியகமானது. மற்றவற்றுக்குப் பாதுகாப்பு, 1947ஆம் ஆண்டு நகர-ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த பாரம்பரியக் கட்டடப் பட்டியல். பட்டியலில் உள்ள குருமனையை வாங்குபவர், அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதையும் உள்ளூராட்சியின் அனுமதியின்றிச் செய்யக்கூடாது. படிக்கட்டின் கைப்பிடியும் உட்சுவரும்கூட இதில் அடக்கம்.

விற்ற வீட்டுக்குப் பதிலாகத் திருச்சபை சிறிய செங்கல் வீடுகளைக் கட்டியது. சில ஊர்களில் பழைய தோட்டத்தின் ஒரு மூலையிலேயே புதியது எழுந்தது. இன்றைய குருமனைக்கான வடிவமைப்பு வழிகாட்டி கேட்பது நான்கு படுக்கையறைகள், அவற்றோடு குடும்பப் பகுதியிலிருந்து பிரிந்து வாசலருகே அமைந்த ஒரு படிப்பறை.