ஓட்டாவா முதல் லண்டன் வரை: சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்

கொங்கு நாட்டு ராஜதந்திரிகள் — தொடர் கட்டுரை

1947-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபை டில்லியில் சட்டசபையாகக் கூடியிருந்த வேளையில், சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்க எழுந்து நின்றவர் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவர் அல்லர். பம்பாயின் பெரு வர்த்தகப் பிரமுகரும் அல்லர். நொய்யல் நதி பாயும் கோயமுத்தூரில் பஞ்சும் நூலும் குலத்தொழில்போல் ஆகிவிட்ட ஒரு குடும்பத்திலே பிறந்து, நகரசபையில் தொடங்கி ஜினீவா வரையில் சென்று திரும்பிய ஆர். கே. சண்முகம் செட்டியார் அவர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அன்னிய ஆட்சிக் காலத்தில், மத்திய சட்டசபையின் தலைவர் பீடத்தில் அமர்ந்து உறுப்பினர்களை அடக்கியும் அனுமதித்தும் நடத்தியவர், இப்போது தேசிய சர்க்காரின் நிதி மந்திரியாகத் தலைவரின் அனுமதி பெற்றுப் பேச எழுந்தார் என்பது அச்சபையின் பழைய நடவடிக்கைகளை அறிந்தவர்களுக்கு விசேஷமாகவே தோன்றியிருக்கும்.

அன்று அவர் வாசித்தது ஏழரை மாதக் கணக்கு. ஆகஸ்ட் 15 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரையில் வருமானம் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, அச்செலவில் ஏறக்குறையப் பாதியாகிய 92.74 கோடி ராணுவத்துக்கே போய்விடும். துண்டு விழும் தொகை 26.24 கோடி. தேசம் இரண்டாகப் பிளவுண்டு, அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்து, உணவுத் தானியத்துக்கும் கடல் கடந்த நாடுகளை எதிர்பார்க்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில், ஜனங்களின் தலையில் புதிய பாரம் எதையும் அவர் ஏற்றவில்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பருத்தித் துணியின் மீதும் நூலின் மீதும் மட்டும் தீர்வையை உயர்த்தி, துண்டை 24.59 கோடியாகக் குறைத்துக் காட்டினார். ஆலைப் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த ஒரு கோவைக்காரர், சுதந்திர நாட்டின் முதல் புதிய வரியைத் தம் ஊர்ச் சரக்கின் மீதே விதிக்க நேர்ந்ததைப் பற்றி ஆலை முதலாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ. மந்திரியின் கணக்கு மட்டும் சரியாகவே இருந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

அவர் பிறந்தது 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி. கோயமுத்தூரில் முதல் நூற்பு ஆலை 1888-இல் தோன்றியிருந்தபடியால், ஊரும் அவரும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தார்கள் என்று சொல்லலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேறி ஊர் திரும்பியவர், கோர்ட்டில் வாதாடிப் பொருள் தேடுவதைக் காட்டிலும் பொதுக் காரியங்களில் மனம் செலுத்தி, 1917-இல் நகரசபை உறுப்பினராகவும் அதன் உபதலைவராகவும் ஆனார். சாக்கடையும் குடிநீரும் தெருவிளக்கும் பற்றிய வாதங்களில் பழகியவனுக்குத்தான் சர்க்கார் கணக்கின் ஒவ்வொரு காசும் எங்கே போகிறது என்பது தெரியும். அந்தப் பயிற்சி அவருக்கு இளமையிலேயே கிடைத்தது.

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920-இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், நீதிக்கட்சியாரோடு உறவு பூண்டிருந்தார். பின்னர் மத்திய சட்டசபைக்குச் சென்றபோது சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து அதன் கொறடாவாகவும் விளங்கினார். 1931-இல் விருதுநகரில் கூடிய சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமையும் வகித்தார். ஒரே மனிதரை இத்தனை முகாம்களில் காண்பது இக்காலத்து வாசகருக்கு மயக்கம் தரக்கூடும். எந்த முகாமிலும் அவர் முழுக்க ஒட்டிக்கொள்ளவில்லை என்பதே உண்மை. அவருடைய பலமும் பலவீனமும் ஒருங்கே அதில்தான் இருந்தன.

ஜினீவாவும் ஓட்டாவாவும்

1928-இல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாட்டுக்கு இந்திய முதலாளிகள் தரப்பில் சென்றது அவருடைய வெளிநாட்டு வாழ்க்கைக்குத் தொடக்கமாயிற்று. அடுத்த ஆண்டிலும் 1932-லும் அதே மகாநாட்டில் மீண்டும் பங்கு கொண்டார். இதற்கிடையில், 1931-இல் மத்திய சட்டசபையின் உபதலைவராகி, 1933-இல் சர் இப்ராஹிம் ரஹிமதுல்லா விலகியதும் தலைவர் ஸ்தானத்தை அடைந்தார். ‘சர்’ பட்டமும் அதே ஆண்டில் வந்தது. நாற்பது வயதில் கோயமுத்தூர் நகரசபையிலிருந்து டில்லித் தலைவர் பீடம் வரையில் ஏறியவர் கொங்கு நாட்டில் அவருக்கு முன்பு வேறொருவர் இல்லை.

ஆனால் அந்த ஏற்றத்துக்கு நடுவிலேயே வீழ்ச்சிக்கும் விதை விழுந்துவிட்டது. உலகமெங்கும் பொருளாதார மந்தம் கவிந்திருந்த 1932-இல், பிரிட்டன் தன் பழைய சுதந்திர வர்த்தகக் கொள்கையைக் கைவிட்டு இறக்குமதிகளின் மீது சுங்கவரி விதித்தது. சாம்ராஜ்ய நாடுகளுக்கு நவம்பர் மாதம் வரையில் மட்டும் விலக்களித்து, அதற்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளாதவர்களின் சரக்குக்கும் வரி உண்டு என்று சொல்லிவிட்டது. இந்தியாவின் தேயிலையும் தோலும் சணலும் எண்ணெய் வித்தும் லண்டன் சந்தையை நம்பியிருந்த நிலையில், கனடாவிலுள்ள ஓட்டாவா நகரில் கூடிய சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாட்டுக்குச் சர் அதுல் சாட்டர்ஜியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் ஒருவராக இருந்தார். பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு 10 சதவீதம் சலுகை கொடுத்து, இந்தியச் சரக்குகளுக்கு அங்கே சலுகை பெறுவது என்று ஒப்பந்தமாயிற்று.

அந்தியூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் போல, வாய் திறந்து வீரம் பேசாமல் கிடைத்த அளவுக்குக் கறந்துகொண்டு வருவது அவருடைய முறை. அதே சமயத்தில் நாட்டிலே அன்னியத் துணி பகிஷ்காரமும் சட்டமறுப்பும் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில் இருந்தார்கள். பிரிட்டனுக்குச் சலுகை அளித்த கையெழுத்தைப் பேரத்தின் லாப நஷ்டக் கணக்காகப் பார்க்க அன்று ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, இருந்திருக்கவும் நியாயமில்லை. 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில், சபையின் தலைவராயிருந்தவரே, காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோல்வியுற்றார். ஓட்டாவாவே அவரைத் தோற்கடித்தது என்று சொன்னால் மிகையாகாது.

கொச்சியில் திவான்

தோற்றவரை 1935-இல் கொச்சி சமஸ்தானம் திவானாக அழைத்துக்கொண்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் பெருமுயற்சியால் உருவாகிவந்த கொச்சித் துறைமுகம் பெருந்துறைமுகமாக வளர்ந்ததும், எர்ணாகுளம் நகரம் காயல் கரையை ஒட்டி விரிவடைந்ததும் அவர் காலத்தில்தான். இன்றும் அக்கரையோரம் செல்லும் வீதி சண்முகம் ரோடு என்றே வழங்குகிறது. 1938-இல் சமஸ்தான நிர்வாகத்தில் ஒரு பகுதியைச் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரியிடம் ஒப்படைக்கும் இரட்டையாட்சி முறை கொச்சியில் வந்தது. சுதேச சமஸ்தானங்களில் அதற்கு முன்பு இப்படி ஒரு சோதனை நடந்ததில்லை. அதே ஆண்டில் சர்வதேச சங்கத்தின் கூட்டத்துக்கும் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்று வந்தார்.

திவான் உத்தியோகம் புகழ்மாலையாகவே அமைந்தது என்று எழுதுவது சரித்திரத்துக்குத் துரோகமாகும். திருச்சூர் நகரத்தின் மின்சார விநியோகத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க அவர் முற்பட்டபோது, 1936-இல் அந்நகர மக்கள் திரண்டு கிளர்ச்சி செய்தார்கள். கொச்சியின் அரசியல் விழிப்புக்கு அந்தக் கிளர்ச்சி ஒரு முக்கிய காரணமாயிற்று என்று அந்நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள். கணக்கில் லாபமாகத் தோன்றும் ஒன்று ஜனங்களின் மனத்தில் எப்படித் தோன்றும் என்பதை முன்கூட்டி அறியும் சாமர்த்தியம் அவருக்கு ஓட்டாவாவிலும் வாய்க்கவில்லை; திருச்சூரிலும் வாய்க்கவில்லை.

பிரெட்டன் உட்ஸில்

யுத்த காலத்தில், 1941-இல், இந்தியாவுக்கு வேண்டிய தளவாடங்களை அமெரிக்காவில் வாங்கும் தூதுக் குழுவின் தலைவராக வாஷிங்டன் சென்றார். அந்த அனுபவத்தின் பயன் 1944 ஜூலையில் தெரிந்தது. யுத்தத்துக்குப் பிற்பட்ட உலகத்தின் நாணய ஏற்பாட்டை வகுக்க 44 தேசங்கள் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்ற மலைப் பிரதேசத்தில் கூடியபோது, இந்தியக் குழுவில் நிதி அங்கத்தினர் சர் ஜெரமி ரைஸ்மன், சர் தியோடர் கிரிகரி ஆகிய ஆங்கிலேயர் இருவரோடு, சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், சண்முகம் செட்டியார் ஆகிய இந்தியர் மூவர் அமர்ந்திருந்தனர்.

நாடு இன்னும் அடிமை நாடு. குழுவின் தலைவரோ ஆங்கிலேயர். ஆயினும் அக்குழு பிரிட்டனின் எதிரொலியாக இராமல், தொழில் வளம் குன்றிய நாடுகளின் அபிவிருத்தியும் புதிதாக அமையவிருந்த சர்வதேச நாணய நிதியத்தின் நோக்கங்களில் இடம்பெற வேண்டும் என்று வாதாடியது. யுத்தச் செலவுக்காக இந்தியா கொடுத்துதவியதன் பயனாக லண்டனில் முடங்கிக் கிடந்த ஸ்டெர்லிங் பாக்கிக்கும் வழி காண வேண்டும் என்று கேட்டது. பாக்கியைப் பற்றிய கோரிக்கை ஏற்கப்படவில்லை. அது இரு தேசங்களும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நிதியத்தில் இந்தியாவின் பங்கு 40 கோடி டாலர் என்று நிர்ணயமாயிற்று. சோவியத் ரஷ்யா பின்னர் சேராமல் ஒதுங்கிவிட்டபடியால், பெரும் பங்குடைய ஐந்து தேசங்களில் ஒன்றாக நிர்வாகக் குழுவில் நிலையான இடம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

மந்திரி பதவியும் விலகலும்

1947-இல் ஜவஹர்லால் நேரு அமைத்த மந்திரிசபையில் டாக்டர் அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி ஆகிய காங்கிரஸ் அல்லாதாரோடு ஓட்டாவாக்காரர் என்று இகழப்பட்ட சண்முகம் செட்டியாருக்கும் இடம் கிடைத்தது. அவர் பதவியிலிருந்த ஓராண்டில், ரிசர்வ் வங்கியைத் தேசியமயமாக்கும் முடிவு செய்யப்பட்டது. புதிய ஆலைகளுக்கு நீண்டகாலக் கடன் தரும் தொழில் நிதிக் கார்ப்பொரேஷன் 1948-இல் பிறந்தது. பிரெட்டன் உட்ஸில் கைகூடாத ஸ்டெர்லிங் விவகாரத்தைத் தீர்க்க அதே ஆண்டில் இந்தியக் குழுவின் தலைவராக லண்டன் சென்றவரும் அவரே. ஏறத்தாழ 116 கோடி பவுன் பாக்கி. அதில் யுத்தத்துக்குப் பின் இங்கே விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களின் விலையாக 10 கோடியும், ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு பெருந்தொகையும் கழிக்கப்பட்டன. மீதியிலிருந்து மூன்றாண்டுகளில் 8 கோடி பவுன் புதிதாக விடுவிக்க ஜூலையில் ஒப்பந்தமாயிற்று. கழித்தது அதிகம் என்றவர்களும் உண்டு. திவாலாகும் நிலையிலிருந்த கடனாளியிடம் மொத்தத் தொகையையும் ஒரே நாளில் யாரால் வாங்கியிருக்க முடியும் என்று கேட்டவர்களும் உண்டு.

லண்டனிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே அவர் பதவியை விட்டு விலகினார். வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைப் பற்றிச் சபையில் எழுந்த சர்ச்சையே காரணம். கட்சி பலம் உள்ள மந்திரிக்கு அத்தகைய சமயத்தில் அரண் செய்ய நாலுபேர் எழுந்திருப்பார்கள். இவருக்கு எழுந்து நிற்க ஆள் இல்லை. ஜான் மத்தாய் நிதி மந்திரியானார்.

தமிழும் அவரும்

சர்க்கார் காரியங்களுக்கு இடையே அவர் தமிழை மறக்கவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிவைத்த தமிழிசை இயக்கத்தில் முன்வரிசையில் நின்று, சங்கீத வித்வான்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் தமிழ்ப் பாட்டுக்காக வாதாடினார். 1946-இல் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தைத் தம்முடைய உரையோடு வெளியிட்டார். சேரர் தலைநகரான வஞ்சி, கொச்சி சமஸ்தானத்தின் கொடுங்கல்லூரா, கொங்கு நாட்டின் கரூரா என்று புலவர்கள் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு நாட்டோடும் உறவுடைய ஒருவர் இளங்கோவடிகளின் நூலுக்கு உரை எழுதியது பொருத்தமே. 1952-இல் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டசபைக்கு வெற்றி பெற்றார். மறு ஆண்டு மே 5-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது.

1932-இல் அன்னிய சர்க்காருக்காகவும், 1948-இல் சொந்த சர்க்காருக்காகவும் அவர் செய்தது ஒரே தொழில்தான்: எதிரே இருப்பவரின் பலமும் தம் கையிலுள்ள பலமும் எவ்வளவு என்று நிதானித்து, இயன்றதைப் பெற்றுத் திரும்புவது. முதலாவது தேசத்துரோகம் என்று தூற்றப்பட்டது. இரண்டாவது தேசசேவை என்று ஏற்கப்பட்டது. தூற்றியவர்களும் தவறு செய்யவில்லை; எவருக்காகப் பேசுகிறோம் என்பது எப்படிப் பேசுகிறோம் என்பதைவிடப் பெரிது. ஆனால் அந்தப் பேச்சுத் திறமையை வீசி எறியாமல் சுதந்திர இந்தியா எடுத்து உபயோகித்துக்கொண்டதே, அந்நாளைய தலைவர்களின் விவேகத்துக்கு அத்தாட்சி. ஆண்டுதோறும் விழா எடுக்க ஒரு கட்சி இல்லாத காரணத்தால் அவர் பெயர் சொந்த ஊரிலேயே மங்கிக் கிடக்கிறது. சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் கோவை, ஈரோடு, திருப்பூர் இளைஞர்கள், 1947 நவம்பர் 26-ஆம் தேதியின் அந்த வரவு செலவு உரையை ஒருமுறையேனும் முழுவதும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம்: சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாகவும், இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகவும் பணிபுரிந்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.