நாரணாபுரம் நகர்ந்ததா?

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தை விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளப்பதாகக் கொள்ளுங்கள். கோடிக்கணக்கான புள்ளிகளாக ஊரின் உருவம் கிடைக்கும். இதனைப் புள்ளித்திரள் என்பர். வேறொரு குழு அளந்த திரளை இதன்மேல் பொருத்தினால், பட்டாசு மருந்துக் கொட்டகை சில வேளை அடுத்த தெருவில் போய் நிற்கும்! உடனே கருவியைக் குறை கூறாதீர்கள். பூமியின் எந்த உருவத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

1802இல் லாம்ப்டன் சென்னைப் பறங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து எழுந்த முக்கோண வரிசை, 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, இப்பக்கமாகவே குமரிமுனை நோக்கி இறங்கியது. (அன்று மலைகளோடு கோயில் கோபுரங்களும் அளவை மேடைகளாயின.) இவ்வளவைகளைக் கொண்டு எவரெஸ்ட் 1830இல் வகுத்த கோளவுரு இந்திய நிலத்துக்கு நன்கு பொருந்தியது. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் 1984ஆம் ஆண்டுக் கோளவுருவோ உலகம் முழுவதற்குமானது. அதன் நடுக்கோட்டு ஆரம் சுமார் 860 மீட்டர் கூடுதல், மையமும் வேறு. ஆகவே ஒரே அட்சதீர்க்க எண்கள் இங்கே 100 மீட்டருக்கும் மேல் விலகிய இரண்டு இடங்களைக் காட்டும்.

உயரத்தில் வியப்பு இன்னும் அதிகம். புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வால் தென்தமிழகத்தில் கடல்மட்டமே அக்கோளவுருவுக்கு 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சிவகாசியின் சுமார் 100 மீட்டர் உயரம் அந்தக் கணக்கில் ஏறத்தாழக் கரைந்துவிடும்!

திரள் முழுவதும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்ந்திருந்தால் கோளவுருவைப் பாருங்கள். உயரம் மட்டும் மாறினால் கடல்மட்டக் கணக்கை. ஒரு முனை பொருந்தி மறுமுனை விலகினால்தான் கருவியின் முறை. 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைப்படி பொதுமக்களுக்கான இந்திய வரைபடங்கள் புதிய கோளவுருவுக்கு மாறின; பழைய தாள்கள் எவரெஸ்டுடையவை. இரண்டையும் கலந்து கொட்டகைக்கும் குடியிருப்புக்கும் இடைவெளி அளப்பவர், முதலில் ஒரு நீர்த்தொட்டியின் மூலையையாவது இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.