செஷயர் பூனையின் வருகை: கையெழுத்துப் படியிலிருந்து அச்சு நூலுக்கு

லூயிஸ் கரோலின் 'ஆலிஸின் அற்புத உலகம்', 1862 ஜூலை 4 அன்று தேம்ஸ் ஆற்றுப் படகுப் பயணத்தில் லிடல் சகோதரியர் மூவருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதையிலிருந்து உருவானது. இதனால் அந்நூல் முழுமையும் அவ்வாய்மொழிக் கதையின் பதிவு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நூலின் மாயப்பூனை இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

கரோல் 1864 நவம்பரில் ஆலிஸ் லிடலுக்குப் பரிசளித்த கையெழுத்துப் படி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் செஷயர் பூனை இல்லை. டைனா என்னும் வீட்டுப்பூனையே ஆலிஸின் பேச்சிலும் நினைவிலும் இடம்பெறுகிறது. 1865இல் வெளிவந்த மாக்மில்லன் பதிப்புக்காகக் கதை ஏறத்தாழ இருமடங்காக விரிக்கப்பட்டபோதுதான் தேநீர் விருந்துக் காட்சியும் மாயப்பூனையும் சேர்ந்தன.

பூனையின் பெயர் கரோலின் ஆக்கமன்று. செஷயர் பூனை போல் இளித்தல் என்னும் மரபுத்தொடர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில அகராதியில் பதிவாகியுள்ளது. கரோல் பிறந்ததும் செஷயரிலேயே. அத்தொடருக்கு உருவம் அளித்து, உடல் மறைந்த பின்னும் இளிப்பு எஞ்சுமாறு அமைத்ததே அவருடைய புனைவு.

டைனா, கதை கேட்ட சிறுமியரின் வீட்டுப்பூனை. செஷயர் பூனையோ ஆங்கிலம் பேசுவோரின் பொதுவழக்கிலிருந்து, முகமறியா வாசகருக்காக உருவானது. ஆகவே இந்நூலை வாய்மொழிக் கதையின் பதிவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அதன் புகழ்பெற்ற பாத்திரங்களுள் ஒன்று எழுத்தில் பிறந்தது.