ஜெர்ரி ஸ்லோன்

ஜெர்ரி ஸ்லோன் (1942–2020), அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் தடுப்பாட்டத்துக்குப் பெயர்போன வீரர். பிறகு யூட்டா ஜாஸ் அணியை 23 சீசன்கள் நடத்திய தலைமைப் பயிற்சியாளர். புள்ளிகள் குவித்து நட்சத்திரமானவர் அல்ல, எதிராளியைப் புள்ளி எடுக்கவிடாமல் செய்தே பேர் வாங்கியவர்.

இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன்ஸ்பரோ ஊருக்கு அருகில், விவசாயக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். விடியுமுன் எழுந்து பண்ணை வேலைகளை முடித்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மைல் நடந்து பள்ளிப் பயிற்சிக்குப் போன பையன் அவர். எவன்ஸ்வில் கல்லூரி 1964, 1965 என அடுத்தடுத்து சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றபோது அந்த அணியின் தூணாக இருந்தார்.

பால்டிமோர் புல்லட்ஸ் அணியில் ஒரே சீசன். 1966-இல் புதிதாகத் தொடங்கிய சிகாகோ புல்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கேதான் ஸ்லோன் ஸ்லோன் ஆனார். ஆறடி ஐந்து அங்குல உயரம். வேகமாகப் பாய்ந்து வரும் எதிராளியின் வழியில் முன்கூட்டியே போய் நின்று, நெஞ்சில் மோதலை வாங்கித் தரையில் விழுவார்; நடுவர் ஊதினால் பந்து புல்ஸுக்கு. ஒரு இரவில் இதைப் பலமுறை செய்ய எலும்பில் தெம்பு வேண்டும். நார்ம் வான் லியருடன் அவர் சேர்ந்த பின்வரிசை ஜோடியை எதிர்கொள்வது எந்த அணிக்கும் சுலபமாக இருக்கவில்லை.

என்.பி.ஏ. பந்துப் பறிப்புகளை எண்ணத் தொடங்கியதே 1973–74 சீசனில்தான். அப்போது ஸ்லோனுக்கு மிஞ்சியிருந்தவை மூன்றே சீசன்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 2.2 பறிப்புகள் என்று ஏட்டில் இருப்பது அந்தக் கடைசிக் காலக் கணக்கு மட்டுமே. உச்சத்தில் இருந்தபோது அவர் செய்தது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆனாலும் லீகின் சிறந்த தடுப்பாட்ட அணிக்கு ஆறு முறை தேர்வானார். அதில் நான்கு முறை முதல் அணியில். முழங்கால் காயத்தால் 1976-இல் ஓய்வுபெற்றார். அவருடைய 4-ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிவதில்லை என்று புல்ஸ் 1978-இல் முடிவெடுத்தது. அந்த அணியில் அப்படி மரியாதை பெற்ற முதல் எண் அதுதான்.

1977-இல் எவன்ஸ்வில்லின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்று, சில நாட்களிலேயே விலகினார். அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கல்லூரி அணி சென்ற விமானம் விழுந்து, ஸ்லோனுக்குப் பதில் வந்த பாபி வாட்சன் உள்பட 29 பேர் இறந்தனர்.

பயிற்சியாளராக முதல் முயற்சி சோபிக்கவில்லை. 1979-இல் அவரை அமர்த்திய புல்ஸே 1982-இல் அனுப்பிவிட்டது. யூட்டாவில் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் லேடனுக்கு உதவியாளராக இருந்து, 1988 டிசம்பரில் தலைமைக்கு வந்தார். தடுப்பாட்டக்காரர் என்று பெயரெடுத்தவரின் அணி தாக்குதலுக்குப் பேர்போனது வேடிக்கைதான். ஜான் ஸ்டாக்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். அவரைக் காவல் காப்பவரின் குறுக்கே கார்ல் மலோன் சுவராக நிற்பார். காவலர் தடுமாறும் நொடியில் மலோன் கூடை நோக்கித் திரும்ப, பந்து கைக்கு வந்துவிடும். எல்லா அணிக்கும் தெரிந்த ‘பிக் அண்ட் ரோல்’. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

1997, 1998 இறுதித் தொடர்களில் ஜாஸ் மோதியது புல்ஸுடன். இரண்டிலும் 4–2 என்ற கணக்கில் தோல்வி. 1998-இன் ஆறாவது ஆட்டத்தில் கடைசி நொடிகளில் ஜாஸ் 86–85 என முன்னிலையில் இருந்தது. பந்து மலோனிடம். புல்ஸின் மைக்கேல் ஜோர்டான் பின்னாலிருந்து வந்து அதைத் தட்டிப் பறித்து, மறுமுனையில் 5.2 நொடிகள் மீதமிருக்கக் கூடையில் போட்டார். அந்தப் பந்தைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தைத் திருப்பியது அதற்கு முந்தைய பறிப்பு. இளவயது ஸ்லோன் செய்திருக்கக்கூடிய வேலை அது.

கோபக்காரர். 2003-இல் நடுவர் ஒருவரைத் தள்ளியதற்காக ஏழு ஆட்டங்கள் தடை வாங்கினார். ஸ்டாக்டனும் மலோனும் போன பிறகு, 2003–04-இல், பலர் கடைசி இடம் என்று கணித்த அணியை 42 வெற்றிகள் வரை கொண்டு சென்றார். அந்த ஆண்டும் ‘சிறந்த பயிற்சியாளர்’ விருது வேறொருவருக்கே போனது. கடைசிவரை அவருக்கு அது கிடைக்கவே இல்லை. இது லீகின் கூச்சப்பட வேண்டிய விடுபடல்.

2009-இல் ஸ்டாக்டன், ஜோர்டான் ஆகியோருடன் ஒரே மேடையில் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2011 பிப்ரவரியில் சீசன் நடுவே விலகினார். பார்கின்சன் நோயும் மறதி நோயும் சேர்ந்து வாட்ட, 2020 மே 22-இல் காலமானார். ஜாஸ் அரங்கில் அவர் பெயரில் தொங்கும் பதாகையில் 1223 என்றிருக்கும்: யூட்டாவில் 1,127 லீக் வெற்றிகளும் 96 பிளே-ஆஃப் வெற்றிகளும்.