ஒரு சொற்றொடரும் ஒரு சிறைவாசியும்

சொல்லை நிறுத்துப் பார்ப்பது புலவர் தொழில். நீதிமன்றத்திலும் அத்தொழில் நடைபெறுகிறது. ஆங்கே நிறுவை பிழைப்பின் ஒருவன் சிறையிற் கிடக்க நேரும். 1950இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்னும் வழக்கு அத்தகையது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், சர்தார் படேல் கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஓராண்டுக்கென்றே இயற்றப்பட்ட அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பெற்று 1969 இறுதிவரை உயிர்வாழ்ந்தது. மலபார் அன்று சென்னை மாநிலத்தின் பகுதி. அம்மண்ணின் பொதுவுடைமைத் தலைவரான கோபாலன் 1947 டிசம்பர் முதலே சிறையில் இருந்தார். அங்கேயே, 1950 மார்ச் 1 அன்று, புதிய சட்டத்தின்கீழ் ஆணை அவர் கைக்கு வந்தது.

அவர்தம் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார். வாதம் முழுவதும் 21ஆம் உறுப்பின் ஒரு சொற்றொடரைச் சுற்றியே சுழன்றது: ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’. அரசியலமைப்பை வரைந்தோர் முதலில் அமெரிக்கர் வழங்கும் ‘உரிய சட்ட நெறி’ என்பதையே எண்ணினர். பின்னர் அதனைக் கைவிட்டு இதனை ஏற்றனர். இங்கே ‘சட்டம்’ என்பது அவை இயற்றிய எதுவுமா, அன்றி இயற்கை நீதியோடு பொருந்திய ஒன்றா? முதற்பொருளே சரியென்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டனர். எழுத்தெண்ணிப் பொருள் கொண்ட உரை அது; உயிர் அதில் இல்லை என்பதே என் கருத்து. நீதிபதி பசல் அலி ஒருவரே வேறு வழி நின்றார். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம், ஒழுங்கான நடைமுறை ஆகிய நான்கும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்றார்.

ஒன்றில் மட்டும் ஆறு நீதிபதிகளும் ஒருமித்தனர். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவு செல்லாதென வீழ்த்தினர். காரணமே தெரியாமல் நீதிமன்றம் எதனை ஆராய்வது!

நாட்டின் பாதுகாப்பு வெற்றுச் சொல்லன்று. பிரிவினைக் குருதி உலராத காலம் அது. படேலின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் அச்சம் தணிந்த பின்னும் அதிகாரம் தணியவில்லை. 1971இல் ‘மிசா’ வந்தது. நெருக்கடி நிலையின்போது அதன்கீழ் ஏறத்தாழ முப்பத்தையாயிரம் பேர் அடைபட்டனர். 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில், அக்காலத்தே காவலை எதிர்த்து நீதிமன்றம் நாடும் உரிமையே இல்லை என நால்வர் தீர்ப்பளித்தனர். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா. மறு ஆண்டு, மூப்பில் பிந்தியவர் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி துறந்தார்.

பசல் அலியின் பொருள்கோள் 1978இல் மேனகா காந்தி வழக்கில் பெரிதும் உயிர்பெற்றது. ஜபல்பூர்த் தீர்ப்போ 2017 வரை காத்திருந்தது. அதனைத் தவறென எழுதிய நீதிபதி சந்திரசூட், அந்நால்வருள் ஒருவருடைய மைந்தர்.

1978இன் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆம் உறுப்பை முடக்க இயலாதவாறு காத்தது. அறிவுரைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் மூன்று மாத வரம்பை இரண்டாகக் குறைக்கவும் அதில் ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவை நடைமுறைக்குக் கொணரும் அறிவிக்கையை எந்த அரசும் இதுவரை வெளியிடவில்லை.