மைனஸ் 13 ஏன் காணாமல் போனது?

பிளஸ் ஒன் படிக்கும்போது கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி. எக்ஸ் பவர் 4, மைனஸ் 13 எக்ஸ் ஸ்கொயர், பிளஸ் 36, ஈக்வல் டு ஜீரோ. பவர் 4-ஐப் பார்த்ததும் "இது சிலபஸ்லயே இல்லையே"ன்னு விட்டுட்டு வந்துட்டேன். 5 மார்க் போச்சு. இருபடிச் சமன்பாட்டு ஃபார்முலாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதிரே நிற்பது இருபடிதான்னு மட்டும் தெரியல.

இந்த அடையாளம் காணும் வேலையை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் ஒருத்தர் முறையா செஞ்சு வெச்சார். அல்-குவாரிஸ்மி. அவர் பேர்தான் லத்தீனுக்குப் போய் நம்ம 'அல்காரிதம்' ஆச்சு. அவர் புத்தகத் தலைப்பில் இருந்த 'அல்-ஜப்ர்'தான் அல்ஜீப்ரா. அதில் எக்ஸும் கிடையாது, பிளஸ்ஸும் கிடையாது, எல்லாமே வாக்கியம்தான்.

அவரோட பிரபலமான உதாரணம் இது: ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39. பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க. பக்கம் தெரியாத ஒரு சதுரம். அதே நீளத்தில், 10 அகலத்தில் ஒரு பட்டை. பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சதுரத்துக்கு வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டுங்க. பரப்பு அதே 39. ஆனா இப்போ ஒரு பெரிய சதுரம் கிட்டத்தட்ட வந்தாச்சு, மூலையில் 5க்கு 5 அளவில் ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. அதை 25 வெச்சு அடைச்சா மொத்தம் 64. பக்கம் 8. ஒட்டின 5 போக, 3. பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு என்ற இந்த ஸ்டெப்ஸ் சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகையிலேயே இருக்கு, இப்போ பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அல்-குவாரிஸ்மி செஞ்ச பெரிய வேலை, வகை பிரிச்சது. எந்தக் கணக்கையும் 6 வடிவங்களில் ஒன்றாகக் கொண்டு வந்துடலாம்னார். ஏன் 6? அவர்கிட்ட மைனஸ் எண்கள் இல்லை. "வர்க்கமும் மடங்கும் சேர்ந்தா எண்" ஒரு கேஸ், "வர்க்கமும் எண்ணும் சேர்ந்தா மடங்கு" இன்னொரு கேஸ். மேலே சொன்ன கணக்குக்கு மைனஸ் 13-ம் விடைதான். ஆனா சதுரத்துக்கு மைனஸ் 13 பக்கம் எப்படி வரைவார், பாவம்! அவருக்கு 200 வருஷம் முன்னாடி, 628-லேயே, பிரம்மகுப்தர் சொத்து, கடன்னு பேர் வெச்சு மைனஸுக்கு விதி எழுதிட்டார். கோடா பார்த்தா பிரம்மகுப்தருடையதுதான் கிளீன். ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்சது பாக்தாத் படத்தில்தான்.

இப்போ என் 5 மார்க்குக்கு வருவோம். எக்ஸ் ஸ்கொயரை 'ஒய்'ன்னு கூப்பிட்டா, ஒய் வர்க்கமும் 36-ம் சேர்ந்தா 13 ஒய். அவரோட ஐந்தாவது வகை! 13-ல் பாதி 6.5, வர்க்கம் 42.25, 36 போனா 6.25, மூலம் 2.5. 6.5-ல் இருந்து கழிச்சா 4, கூட்டினா 9. இந்த வகைக்கு இரண்டு விடை வரலாம்னு அவரே எழுதியிருக்கார். ஆக எக்ஸ் 2, 3, மைனஸ் 2, மைனஸ் 3. கடைசி இரண்டையும் அவர் ஒத்துக்க மாட்டார், என் கணக்கு டீச்சர் ஒத்துக்கிட்டிருப்பார்.